நனையாத கர்வாலோ

சிலுவைமுனையில் கர்வாலோ என்று பெயருள்ளவன் கட்டிலில் சாக மாட்டான் என்பது ஊரறிந்த விஷயம், அதைச் சொல்லிப் பெருமைப்படாத ஆள் எங்கள் கடற்கரையில் கிடையாது, அந்தப் பெருமைக்கெல்லாம் சோறு வடித்து வடித்துக் கை காய்த்துப்போனவள் நான், ஆகையால் இந்தக் கதையை என் வாயால் கேட்பதுதான் முறை. என் பெயர் சலேத்தம்மாள். திருநாளோ கல்யாணமோ எழவோ, இந்த ஊரில் பந்திக்கு உலை வைப்பது நான்தான். யார் யார் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று முகத்தைத் திருப்பினார்கள், யார் கண்ணீரோடு இரண்டாம் சோறு கேட்டார்கள் என்பதெல்லாம் கோயில் சாமியாருக்குக்கூடத் தெரியாது, எனக்குத் தெரியும்.

அந்தப் பெயர் வந்ததே ஓர் அவசரத்தில்தான். பறங்கிக் கப்பித்தான் ஒருவன் கரையிறங்கி, காற்று மாறுவதற்குள் கப்பலை எடுக்க வேண்டுமே என்கிற பதற்றத்தில், ஒரே மத்தியானத்தில் எங்கள் முன்னோர் பாதிப்பேருக்கு ஞானத்தகப்பனாக நின்று, அத்தனை பேருக்கும் தன் பெயரையே கொடுத்துவிட்டுப் பாய் விரித்தான். போன வழியிலேயே கப்பலோடு முங்கினான். பெயர் மட்டும் கரையில் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பெயரில் பெரிய பெரிய ஆட்கள் பிறந்தார்கள். ஒல்லாந்துக்காரன் கோயிலைப் பிடுங்க வந்தபோது ஊர் ஆம்பிளைகளையெல்லாம் படகில் ஏற்றிக்கொண்டு அவன் கப்பலுக்கு எதிரே போய், போனவர்களோடு கடலில் அடங்கிய தலைவர் அந்தோனி கர்வாலோ. வெள்ளைக்காரன் காலத்தில் யாரும் தொடாத ஆழத்தைத் தொட்டு, சிப்பிக்கூடையை மேலே அனுப்பிவிட்டுத் தான் மேலே வராத முத்துக்குளி இன்னாசி கர்வாலோ. கொழும்புத் தோணி புயலில் சிக்கியபோது ஏறியிருந்தவர்களைக் கரைசேர்த்துவிட்டுத் தோணியோடு போன, தோணித்தலைவன் தண்டல் மிக்கேல் கர்வாலோ. தினமும் சாயங்கால செபத்தில் இவர்கள் பெயரைச் சொல்லித்தான் எங்கள் பிள்ளைகள் பேசவே பழகும்.

இன்னொரு கர்வாலோவும் உண்டு, சூசை கர்வாலோ. அவனைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், பேசினால் துப்பிவிட்டுப் பேசுவார்கள். அந்தோனி கூப்பிட்ட அன்றைக்கு அவனும் படகில் ஏறினான், அலை தாண்டுவதற்குள் திரும்பி வந்துவிட்டான், மறுநாள் ஒல்லாந்துக்காரன் கரையில் வந்து நின்று கோயில் சாவியைக் கேட்டபோது எடுத்து நீட்டியவனும் அவன்தான். சாவிக்காரன் என்பதுதான் எங்கள் ஊரில் பெரிய வசவு. செத்தபோது கோயிலை ஒட்டின கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே, பூவரசு மரத்தடியில் புதைத்தார்கள். மழை பெய்தாலும் அந்த மரத்தடியில் யாரும் ஒதுங்க மாட்டார்கள், ஆடுகூட ஒதுங்காது என்பார்கள், ஆடு ஒதுங்கி நான் பார்த்திருக்கிறேன்.

கர்வாலோ வீட்டில் ஆண்பிள்ளை பிறந்தால் ஒரு முறைமை உண்டு. ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் பொழுது சாய, பிள்ளையின் தகப்பன் மெழுகுதிரியோடு அலையோரம் போய் நின்று, "கர்வாலோ வீட்டுல பிள்ளை பிறந்திருக்கு, கர்வாலோமாரெல்லாம் வாங்க, சாவிக்காரன் தவிர" என்று கடலைப் பார்த்துக் கூப்பிடுவான். மறுநாள் கோயில் தொட்டியருகே அலை கரையில் ஒதுக்கிய அந்தோனியின் துடுப்பை நிறுத்தி, பிள்ளையை அதன்மேல் சாய்த்துத் தண்ணீர் ஊற்றுவார்கள். அந்தோனிதான் எல்லாக் கர்வாலோவுக்கும் ஞானத்தகப்பன் என்பது கணக்கு. ஞானத்தகப்பன் நடந்த வழியில் பிள்ளை நடக்கும் என்று நாங்கள் நம்பினோம். நம்பினபடியேதான் நடந்துகொண்டும் இருந்தது, ஒரு கர்வாலோவும் நரைக்கவில்லை.

தெக்லா தெற்கேயிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். வயிற்றில் பிள்ளை அசையத் தொடங்கிய சமயத்தில் புருஷன் சந்தியாகு கர்வாலோ கடலுக்குப் போனான், படகு வந்தது, ஆள் வரவில்லை. சந்தியாகுவின் அக்காள் அமலோற்பவம்தான் அவனுக்குத் தாய்க்குத் தாய். அப்பனைக் கடல் கொண்டுபோனபோது அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள், அதை வேண்டாமென்று தள்ளிவிட்டு, தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்தவள். தம்பி போன சேதி வந்த அன்று அவள் அழவில்லை. "கர்வாலோல்லா, அப்படித்தான் போவான்" என்று சொல்லிவிட்டு, அப்பன் படத்துக்குப் பக்கத்தில் தம்பி படத்தை மாட்டினாள். ஆணி ஏற்கெனவே அடித்து வைத்திருந்தது. அதற்கடுத்து இன்னோர் ஆணியும் இருந்ததை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்த தெக்லா அன்றைக்குத்தான் பார்த்தாள். "சலேத்தக்கா, அந்த மூணாவது ஆணி யாருக்கு?" என்று என்னிடம் கேட்டாள். நான் என்னத்தைச் சொல்ல, கஞ்சியைக் குடி என்றேன்.

பிள்ளை ஆண்பிள்ளையாகவே பிறந்தது. தகப்பன் இல்லாததால் தாயே கூப்பிடட்டும் என்று ஊர்க்கமிட்டித் தலைவர் கஸ்பார் சொல்லிவிட்டார். தெக்லா மெழுகுதிரியோடு போய் நின்றாள். எத்தனையோ தகப்பன்மார் அந்த இடத்தில் நின்று கூப்பிட்டு நான் கேட்டிருக்கிறேன், எல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பந்திக்குக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். இவள் கூப்பிட்டது காணாமல்போன ஆளைத் தெருத்தெருவாய்த் தேடுகிற மாதிரி இருந்தது. கர்வாலோமாரெல்லாம் வாங்க என்று சொன்னாள், எல்லாரும் வாங்க என்று இன்னொரு தடவை சொன்னாள், அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். சாவிக்காரன் தவிர என்பதைச் சொல்லவேயில்லை. மறந்தாளா விட்டாளா என்று ஊரில் இன்றைக்கும் சண்டை நடக்கிறது.

விடிந்ததும் நான் அடுப்பு மூட்டப் போனால், கோயில் மண்டபத்தில், இத்தனை காலம் கூப்பிட்டும் வராத கர்வாலோமார் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பூட்ஸ்காலோடு கப்பித்தான், அவருக்கு அடுத்து அந்தோனி, அடுத்து முத்துக்குளி இன்னாசி, அடுத்து தண்டல் மிக்கேல். எல்லார் உடம்பிலிருந்தும் கடல்தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கத் துடைக்க வழிந்தது. "பலகாரத்துக்கு எத்தனை ஆளு கூடுது, முன்னாலேயே சொல்லக்கூடாதா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது, என் கவலை எனக்கு.

ஊர் கூடிவிட்டது. வந்தவர்களை வைத்துக்கொண்டு உடனே எப்படி ஞானஸ்நானம் வைப்பது, ஞாயிற்றுக்கிழமை ஆகட்டும், ஊரெல்லாம் விருந்து வைக்கட்டும் என்று கமிட்டியில் முடிவானது. யார் முதல் நாற்காலியில் உட்காருவது என்பதில்தான் பெரிய சச்சரவு. பெயர் கொடுத்தது கப்பித்தான்தானே என்று ஒரு கட்சி, கொடுத்ததும் ஓடிவிட்டானே என்று மறு கட்சி. கப்பித்தானோ எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, இவர்களெல்லாம் யார் என்று தன் பாஷையில் கேட்டார், சாமியார் மொழிபெயர்த்துச் சொன்னதும் ஊருக்கே சப்பென்று போய்விட்டது. இரண்டு நாளில் எல்லாம் பழகிவிட்டது. தண்ணீர் பிடிக்க வாளி வைத்தார்கள், வாளி நிறைந்தால் வெளியே ஊற்றுவதற்கு முறைபோட்டுப் பெண்களை நியமித்தார்கள், ஊற்றின இடத்தில் கனகாம்பரச் செடிகள் கருகின. வாத்தியார் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து காட்டினார். செல்போனில் படம் எடுத்தால் ஈர நாற்காலிதான் விழுந்தது, அதையும் சட்டம்போட்டு மாட்டினார்கள். வலைத் தகராறு, வேலித் தகராறு எல்லாவற்றையும் அந்தோனி முன்னால் கொண்டுபோய் வைத்தார்கள், அவர் எல்லாருக்கும், "பயப்படாம போங்க" என்று ஒரே தீர்ப்புச் சொன்னார், இரண்டு தரப்பும் ஜெயித்த மாதிரி கையெடுத்துக் கும்பிட்டுப் போனது. எனக்குத்தான் வயிறு எரிந்தது. பொரித்த மீன், இறால் தொக்கு, வட்டிலப்பம் என்று பார்த்துப் பார்த்துச் செய்து வைத்தேன், நாலு பேரில் ஒருத்தராவது உப்பு இருக்கிறதா இல்லையா என்று சொல்லவில்லை, உப்பு அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது.

ஐந்தாவதாக ஒருவரும் வந்திருந்தார். மண்டபத்துக்குள் வரவில்லை. மதிலுக்கு வெளியே பூவரசு மரத்தடியில் குந்தியிருந்தார், குறுகலான கிழவர், தலை பஞ்சாய் வெளுத்து, கை நடுங்கிக்கொண்டு. பார்த்த உடனே இன்னார் என்று எல்லாருக்கும் தெரிந்தது. பையன்கள் கல் விட்டார்கள், கஸ்பார் தடுக்கவில்லை. நான் இலை அனுப்பவில்லை. மனசறிந்துதான் அனுப்பவில்லை, அந்த ஆளுக்குப் போட என் சோறு என்ன வழியிலா கிடக்கிறது?

சனிக்கிழமை காலை தெக்லா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முதலில் முத்துக்குளி இன்னாசியிடம்தான் போனாள். சந்தியாகு வருவான் என்று விடியவிடிய வாசலைப் பார்த்திருந்தவள் அவள். ஊர் செபத்தில் பெயர் சொல்கிற பெரிய ஆட்கள்தான் வந்திருந்தார்கள், அவள் புருஷன் வரவில்லை.

"பாட்டையா, அங்க எங்க வீட்டுக்காரரப் பாத்தியளா? சந்தியாகுன்னு பேரு. நெத்தியில தழும்பு இருக்கும்."

இன்னாசி பேசினால் வாயிலிருந்தும் தண்ணீர் வந்தது. "அங்க நம்ம ஆளுவ நெறைய கெடக்காவ மக்கா. யாரு முகத்தையும் யாரும் பாக்கதில்ல."

அவள் அழுதாள். அழுதுகொண்டே அந்தோனியிடம் போனாள். அந்தோனி நல்ல ஆகிருதி, குரலும் அப்படி, கெட்ட மனுசன் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். பிள்ளையை அன்பாகத்தான் பார்த்தார். அதன் விரல்களை விரித்துப் பிடித்து, "நல்ல கை. துடுப்புப் பிடிக்கிற கை" என்றார். பக்கத்தில் நின்ற அமலோற்பவத்துக்கு முகம் பூரித்துவிட்டது. தெக்லாவுக்கு அந்த வார்த்தை புதுசில்லை, சந்தியாகு பிறந்தபோதும் துடுப்பைக் காட்டி இதையேதான் சொன்னார்கள் என்று அமலோற்பவமே நூறு தடவை அவளிடம் சொல்லியிருந்தாள்.

"பாட்டையா, ஒங்களுக்குப் பிள்ளைய உண்டா?" என்று தெக்லா கேட்டாள்.

"இல்ல. அன்னைக்கு எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கல."

"ஒங்ககூட வந்தவியளுக்கு?"

"எல்லாம் கல்யாணமாகாத எளவட்டம். நான் கூப்பிட்டேன், வந்தாவ." சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒரு சந்தேகமும் இல்லை. பிள்ளையைப் பிடித்திருந்த கையிலிருந்து தண்ணீர் வழிந்து அதன் துணியெல்லாம் நனைந்து, பிள்ளை வீரிட்டது. தெக்லா வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு மண்டபத்தை விட்டு இறங்கினாள். அப்போதுதான் மதிலுக்கு அப்பால் பார்த்தாள். பூவரசு மரத்தடியில் மண் காய்ந்து கிடந்தது. கிழவரின் வேட்டி காய்ந்திருந்தது. காற்றில் லேசாகப் பறந்தது.

அன்றைக்கு மத்தியானம் என் அடுப்படிக்கு வந்து, கேட்காமல் கொள்ளாமல் தட்டை எடுத்துச் சோறு போட்டு மீன்குழம்பு ஊற்றினாள். "யாருக்குட்டி?" என்றேன். நேராக மதில் வாசலைத் தாண்டிப் போனாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கரண்டியோடு பின்னாலேயே போனேன், தட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுவது என்றுதான் போனேன், ஆனால் மரத்து நிழலுக்குள் கால் போகவில்லை, வெளியே நின்றுகொண்டேன்.

கிழவர் தட்டை வாங்கவில்லை. "யாராவது பாத்தா ஒன்னைய ஏசுவாவ, போ தாயி" என்றார்.

"பாட்டையா, நீங்க ஏன் அன்னைக்குத் திரும்பி வந்திய?"

பாட்டையா என்றாளே, சாவிக்காரனைப் பாட்டையா என்றாளே என்று எனக்கு உடம்பே கூசியது.

அவர் ஏதாவது காரணம் சொல்வார், பெண்டாட்டிக்குப் பேறுகாலம் என்பார், படகில் ஓட்டை என்பார் என்று நினைத்தேன். சொன்னால் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேட்கலாம் என்று வாயில் வைத்திருந்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "பயந்துட்டேன் மக்கா" என்றார். "அலை பெருசா இருந்துச்சு. மறுநா சாவி கேட்டப்பவும் பயம்தான். வேற ஒண்ணுமில்ல."

"பெறகு?"

"பெறகு இருந்தேன். போனவன் வீட்டு வாசல்ல எல்லாம் மீன் வச்சிட்டு வருவேன், காக்காக்குத் தூக்கிப் போடுவாவ. சில வீட்டுல போடல, பெத்தவ பசியா கெடந்திருப்பா. எம் பிள்ளைய வளந்துச்சு, பேரப்பிள்ளைய வந்துச்சு. பேச்சுத்துணைக்கு ஆளில்லாம கெழவனாகுறது லேசுப்பட்ட காரியமில்ல தாயி." பிறகுதான் தட்டைக் கையில் வாங்கினார். ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்து, "உப்பு ஒரு கல்லு கூட" என்றார்.

கூடத்தான் போட்டிருந்தேன். எனக்குக் கரண்டி கையில் கனத்தது. அப்போதுதான் என் மரமண்டைக்கு ஒரு விஷயம் எட்டியது. அந்தோனிக்குப் பிள்ளை இல்லை, அவரோடு போன கர்வாலோக்களுக்கும் பிள்ளை இல்லை. அப்படியானால் பிறகு வந்த இன்னாசி, மிக்கேல், அமலோற்பவத்தின் அப்பன், சந்தியாகு, தெக்லாவின் தோளில் கிடக்கிற இந்தப் பச்சைமண், இத்தனை பேரும் யார் வம்சத்தில் வந்தவர்கள்? ஊரே நாக்கு வறளச் செபம் சொல்கிறதே, இதை ஒருவனாவது யோசித்தானா, நான்தான் யோசித்தேனா?

"நாளைக்கு நீங்கதான் எம் பிள்ளையப் பிடிக்கணும்" என்று தெக்லா சொன்னாள்.

கிழவர் தட்டைக் கீழே வைத்துவிட்டார். "வேண்டாம் மக்கா. என்னைய எடுத்தா ஊரு ஒன்னைய எடுக்காது. பிள்ளைய சாவிக்காரன் பிள்ளைன்னு கூப்பிடுவாவ. அவனுக்குப் பந்தியில எலை போட மாட்டாவ. அது சாவ விடக் கொடுமை, நான் இருந்து பாத்தவன்."

"அவன் இருப்பானா?"

அவர் பிள்ளையைப் பார்த்தார். தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலில் நிற்க இடமில்லை. தொட்டியருகே அந்தோனி தன் துடுப்பைத் தானே பிடித்துக்கொண்டு நின்றார், பளிங்குத் தரையெல்லாம் தண்ணீர். அமலோற்பவம் பட்டுச்சேலை கட்டி, பிள்ளையை ஏந்திக்கொண்டு நடுவழியே வந்தாள். தம்பி சேதி வந்த அன்று அழாதவள் அன்றைக்குச் சந்தோஷத்தில் அழுதுகொண்டே வந்தாள், எனக்கும் கண் கலங்கியது. சாமியார், "ஞானத்தகப்பன் யார்?" என்று வழக்கப்படி கேட்டார். ஊரே ஒரே குரலாக அந்தோனி என்று சொல்ல வாயெடுத்தபோது தெக்லா போய்ப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

"எம் பிள்ளைக்கு ஞானத்தகப்பன் சூசை பாட்டையா" என்றாள்.

பிறகு நடந்த கூச்சலை நான் என்ன சொல்ல, ஆளாளுக்குக் கத்தினார்கள், யாரோ அவள் தலைமயிரைப் பிடித்தார்கள், யாரோ விலக்கினார்கள். அமலோற்பவம்தான் எல்லாரையும் அமர்த்தினாள்.

"ஏட்டி, என்ன பேச்சுப் பேசுத? எங்கப்பனக் குடுத்தேன், எந்தம்பியக் குடுத்தேன். எங்க வீட்டுப் பேரக் கொண்டுபோய் அந்த நாய் மடியிலயா வைக்கப்போற?"

"குடுத்தது போதும் மதினி" என்றாள் தெக்லா. "பேரு ஒங்களுக்கு. எனக்குப் பிள்ளை வேணும். பயந்தவனா இருக்கட்டும், ஊரு துப்பட்டும், நரைச்சுக் கூனி, நான் செத்த பெறவும் இருக்கணும். அந்த மூணாவது ஆணிக்கு நான் பிள்ளை பெறல."

அமலோற்பவம் அறைந்தாள். தெக்லா கன்னத்தைத் தடவக்கூட இல்லை, பிள்ளையோடு வெளியே நடந்தாள். கஸ்பார் அவளுக்குப் பின்னால் கதவை இழுத்துச் சாத்தி, சாவிக்காரன் உள்ளே கால் வைத்துவிடாதபடி பூட்டி, சாவியை மடியில் செருகிக்கொண்டார். சாமியார் இளவயசு, பாவம், திருச்சபைச் சட்டத்தில் ஞானத்தகப்பன் ஞானஸ்நானம் பெற்றவனாக இருக்கணும் என்றுதான் இருக்கிறது, தைரியசாலியாக இருக்கணும் என்று எங்கேயும் இல்லையே என்று தனக்குத்தானே முணுமுணுத்துவிட்டு, உடுப்பு மாற்றுகிற அறையின் சின்ன வாசல் வழியாக வெளியே போனார். பின்னாலேயே நானும் போனேன். ஏன் போனேன் என்றால், தொட்டித் தண்ணீர் உள்ளே பூட்டிக் கிடக்கிறதே, பிள்ளைக்கு ஊற்ற நல்ல தண்ணீர் வேண்டுமே. அடுப்படியில் உலைக்கு வைத்திருந்த கிணற்றுத் தண்ணீரை வெண்கலச் சட்டியில் மொண்டுகொண்டு மதிலைத் தாண்டினேன். என் வயசில் முதல் தடவையாக அந்த மரத்து நிழலில் கால் வைத்தேன்.

கிழவர் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். தெக்லா பிள்ளையை அவர் மடியில் வைத்துவிட்டாள். வைத்ததும் அந்தக் கை நடுக்கம் நின்றது. பிள்ளை அழவில்லை, காய்ந்த மடி, அழ என்ன இருக்கிறது. என்ன பெயர் என்று சாமியார் கேட்டார். சூசை என்றாள். "நல்மரணத்துக்குப் பாதுகாவலரான புனிதர் பேரு" என்று சாமியார் சொல்லி, என் சட்டியிலிருந்து தண்ணீரை அள்ளி ஊற்றினார். பிள்ளையின் உச்சியிலிருந்து வழிந்த தண்ணீர் கிழவரின் வேட்டியை நனைத்தது, அவர் அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

கதவைத் திறந்தபோது உள்ளே அந்தோனி, "அப்போ என் வழியில யாரு வருவா?" என்று கேட்டுக்கொண்டு நின்றாராம். அவர் துடுப்பைத் தோளில் சாத்திக்கொண்டு இறங்கினார், மற்றவர்கள் பின்னால் போனார்கள், பவனி போகிற பாதையிலேயே போய்க் கடலுக்குள் இறங்கினார்கள். பூவரசு மரத்தடியில் நான் திரும்பிப் பார்த்தபோது தெக்லாவின் மடியில் பிள்ளை இருந்தது, கிழவரைக் காணவில்லை, பக்கத்தில் கழுவின தட்டு கவிழ்த்து வைத்திருந்தது. துடுப்பு போய்விட்டதே என்று ஊர் அழுதது. அந்தக் கோபமும் தெக்லா தலையில்தான் விழுந்தது.

கிழவர் சொன்னபடியே எல்லாம் ஆனது. அமலோற்பவம் அவளை வீட்டை விட்டு இறக்கினாள், தெக்லா மதிலோரம் குடிசை போட்டுக்கொண்டாள். பையனைச் சாவிக்காரன் பிள்ளை என்றார்கள், பள்ளிக்கூடத்தில் அவன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை, பந்தியில் அவனுக்கு இலை விழவில்லை, நான் மறைத்து மறைத்து ஒரு தட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அமலோற்பவம் அந்தக் குடிசைப் பக்கம் முகத்தைத் திருப்பினதே கிடையாது. ஆனால் எனக்கு எதிர்வீடு அவள், நான் பார்க்காமல் இருக்க முடியுமா. சாயங்காலம் பையன் கடலில் காலை நனைத்துவிட்டுத் தெருவோடு திரும்பிப் போகிறதைப் பார்க்கிற வரைக்கும் அவள் வீட்டில் விளக்கு ஏறாது.

அவனுக்கு மீசை முளைத்த வருஷத்தில், ஐப்பசிப் புயலில், மூன்று படகுகள் உள்ளே மாட்டிக்கொண்டதாகச் சேதி வந்து கோயில் மணி அடித்தது. அந்தோனி பெயரைச் சொல்லி இளவட்டங்களெல்லாம் படகுகளைத் தள்ளினார்கள். சூசையும் தள்ளினான், ஏறினான், முதல் அலையில் குதித்து நீந்திக் கரைக்கு வந்துவிட்டான். குடிசைக்குப் போய்த் தாயிடம், "பயமா இருந்துச்சும்மா" என்றான். அவள் அவன் தலையைத் துவட்டினாள், சோறு போட்டாள், சாப்பிடு என்றாள். போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. கஸ்பாருடைய கடைசி மகனும் போனவன்தான்.

மறுநாள் காலை போனவர்களைப் பெற்ற தாய்மார்களெல்லாம் தலைவிரிகோலமாகக் குடிசை முன்னால் வந்து நின்றார்கள். "சாவிக்காரனப் பெத்தவளே, வெளிய வாட்டி, எங்க பிள்ளைய எங்கட்டி?" என்று மண்ணை வாரித் தூற்றினார்கள். தெக்லா வாசலில் வந்து நின்றாள். அவர்கள் முகத்தைப் பார்க்கவும் முடியாமல், உள்ளே படுத்திருந்தவனை விட்டு நகரவும் முடியாமல், நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்காக அழுவதா, அவர்களுக்காக அழுவதா என்று தெரியாமல் நான் தெருவில் நின்றேன்.

அப்போது அமலோற்பவம் வந்தாள். தலை முழுக்க நரைத்துப்போய், தடியை ஊன்றிக்கொண்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். இவளும் சேர்ந்து அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்து எல்லாரும் வழி விட்டார்கள். அவள் தெக்லாவின் முன்னால் போய் நின்று முந்தானை முடிச்சை அவிழ்த்து, சுவரிலிருந்து பிடுங்கி வைத்திருந்த, துருப்பிடித்த அந்த மூன்றாவது ஆணியை எடுத்து அவள் கையில் வைத்தாள். பிறகு வாசற்படியில் மெள்ள உட்கார்ந்து, காலை நீட்டி வழியை மறித்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுப் பிள்ளை உள்ள தூங்குது" என்றாள். "சத்தம் போடாம அழுங்க."